எங்கள் வீட்டுப் பிடியரிசி

எங்கள் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் யாரும் நேராக வகுப்புக்குப் போய்விட முடியாது. சிற்றாலய வராந்தாவில் ஒரு அலுமினிய வாளி இருக்கும். வீட்டிலிருந்து கொண்டு வந்த ஒரு பிடி அரிசியை அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சோறாக்க அரிசி களைவதற்கு முன்னால் ஒரு பிடியை இல்லாதவர்களுக்கென்று எடுத்து வைப்பது மலையாளக் கிறிஸ்தவ வீடுகளின் வழக்கம். பிடியரி என்பார்கள். பள்ளியை நடத்திய கன்னியாஸ்திரிகள் அதைப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியான எங்கள் பள்ளிக்கும் கொண்டு வந்திருந்தார்கள். அந்த அரிசி, பள்ளிக்குப் பின்புறம் அவர்கள் நடத்திய ஆதரவற்ற பெண்கள் இல்லத்துக்குப் போகும். சனிக்கிழமை காலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முறைவைத்து அங்கே போய்க் கஞ்சி காய்ச்சி, கை வழங்காதவர்களுக்கு ஊட்டியும் விட்டு வருவோம்.

வாளியை எட்டிப் பார்த்தாலே எங்கள் மலை மொத்தமும் தெரிந்துவிடும். விவசாய வீடுகளின் சிவப்பு மட்டை அரிசி, தமிழ்நாட்டிலிருந்து கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாக வரும் பொன்னி அரிசியைச் சாப்பிடும் ஏலக்காய் வியாபாரிகள் வீட்டு வெள்ளை அரிசி, தேயிலை எஸ்டேட் பிள்ளைகளான எங்களுடைய ரேஷன் புழுங்கல். எல்லாம் ஒன்றாகக் கிடக்கும், ஆனால் ஒன்றாக வேகாது. பொன்னி குழைந்து கூழாகும் நேரத்தில்தான் மட்டை அரிசி சோம்பல் முறிக்கும்.

எங்கள் வீட்டில் கும்பிடுவது மாரியம்மனை. அதனால் என்ன? கொழுந்து பறித்துவிட்டு வந்து அடுப்பு மூட்டும் அம்மா, வியாழக்கிழமையானால் "மாதாவுக்கு" என்று சொல்லி ஒரு பிடி அள்ளிக் காப்பித்தூள் டப்பாவில் போட்ட பிறகுதான் உலையில் அரிசி போடுவாள். இதைப் பற்றி மாதாவும் மாரியம்மனும் என்ன பேசிக்கொண்டார்களோ, எங்களுக்கு ஒரு குறையும் வரவில்லை.

குறை வந்தது கம்பெனிக்காரர்களால். நான் பத்தாம் வகுப்பு படித்த வருடம், சொல்லாமல் கொள்ளாமல் எஸ்டேட்டைப் பூட்டிவிட்டு மலையிறங்கிப் போனார்கள். தேயிலை ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் அடுப்பு ஒரு வேளை எரிந்தாலே பெரிது என்றானது. எங்கய்யா ஏலக்காய்த் தோட்டங்களில் வேலை கேட்டு அலைந்தார்.

எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர் நல்லவர். அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. ஆனால் நல்லவர்களுக்கு அவசரம் அதிகம். ஒருநாள் காலை ஜெபத்தில், அத்தனை பேர் முன்னாலும், மலையாளம் கலந்த தன் தமிழில் அறிவித்துவிட்டார்.

"எஸ்டேட்டிலே இருந்து வர்ற குட்டிகள் இனி பிடியரி கொண்டு வர வேண்டா. சனியாழ்ச்ச கஞ்சி வைக்கவும் வர வேண்டா. அவங்களுக்கு இப்போ நம்மதான் கொடுக்கணும்."

மொத்தப் பள்ளிக்கூடமும் திரும்பி எங்களைப் பார்த்தது. எனக்குக் காது இரண்டும் எரிந்தன. அதுவரை நாங்கள் அந்த இல்லத்துப் பெண்களுக்கு ஊட்டிவிட்ட கைகள். ஒரே அறிவிப்பில் தட்டேந்தும் கைகளாகிவிட்டோம்.

அந்த வியாழக்கிழமை மாலை எங்களை மட்டும் நிற்கச் சொல்லி ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார்கள். போகும் வழியிலேயே பிரித்துப் பார்த்தேன். சிவப்பு, வெள்ளை, பழுப்பு. வாளி அரிசியேதான். வீட்டுக்குள் நுழைந்ததும் பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டு, "இத நாளைக்கே திருப்பிக் குடுத்துருதேன்" என்றேன்.

"திருப்பிக் குடுத்துட்டுக் காத்தையா திங்கப் போறோம்?" என்றாள் அம்மா. "உங்கய்யா காலையில இருந்து வெறும் கட்டஞ்சாயாதான் குடிச்சிருக்காக. அரிசி மேல என்னட்டி கோவம்?"

பேச்சோடு பேச்சாகப் பொட்டலத்தைச் சுளகில் கொட்டினாள். அடுப்பு மூட்டி உலை வைத்தாள், கொதி வந்தது. அவள் கை பழக்கத்தில் போய் ஒரு பிடி அள்ளியது. டப்பாவின் பக்கம் திரும்பியவள், இனி வேண்டாம் என்று பள்ளியில் அறிவித்ததை நான் சொல்லியிருந்தது ஞாபகம் வந்து, அப்படியே நின்றாள். அவள் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். பிறகு கையை உலைக்கு மேலே கொண்டுபோனாள்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"உலையில போடாதீக. டப்பாவுல போடுங்க. நான் கொண்டு போறேன்."

"வேண்டாம்னவுககிட்டப் போயி எப்பிடிட்டி நீட்டுவ?"

"அது என் பாடு."

மறுநாள் வரிசையில் நின்றேன். வாளிக்குப் பொறுப்பு எங்கள் வகுப்புத் தலைவி. ஏலக்காய் வியாபாரி மகள், கெட்டவளில்லை, சொன்னதைச் செய்கிறவள். என்னைக் கண்டதும் வாளியின் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"உங்களுக்கு வேண்டாம்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்கல்ல?"

"கையை எடு."

"சிஸ்டர் திட்டுவாங்க."

"என்னையத்தானே திட்டுவாங்க, எடு."

அவள் எடுக்கவில்லை. நானும் நகரவில்லை. பின்னால் வரிசை தேங்கியது, மணி அடித்தது. வகுப்பு ஆசிரியை இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கடைசியில் சிஸ்டரே வந்தார்.

"கொண்டு வர வேண்டான்னு சொன்னேனில்லே மோளே?" என்றபடி டப்பாவைத் திறந்தார். மூன்று நிறத்தையும் கண்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. "இது நான் தந்த அரிதானே?"

"ஆமா சிஸ்டர், நீங்க தந்ததுதான். தந்தப்புறம் அது எங்க வீட்டு அரிசி. உலையில போடுததுக்கு முன்ன எங்கம்மா எடுத்த பிடி."

"வீட்டிலே உள்ளதே குறைவு. அதிலிருந்து எதுக்கு மோளே?"

"நீங்க தாறத வேண்டாம்னு சொல்லல சிஸ்டர், வாங்கிக்கிடுதோம். எங்களக் குடுக்கக்கூடாதுன்னு மட்டும் சொல்லாதீக."

கடைசி வார்த்தையில் என் குரல் உடைந்துவிட்டது. அதற்காக இன்றும் என் மேல் எனக்கே எரிச்சல் உண்டு. சிஸ்டர் டப்பாவை என் கையிலேயே திருப்பித் தந்தார். பிறகு தலைவியைப் பார்த்து, "கை எடு" என்றார். அரிசியை வாளியில் கொட்டினேன். அவருக்குள் என்ன நடந்ததோ தெரியாது. எனக்குக் கேட்டது அவருடைய வழக்கமான அதட்டல்தான்.

"நாளைக்குக் கஞ்சிக்கு நீ வரணும். எல்லா எஸ்டேட் குட்டிகளும் வரணும். நேரம் தப்பினா வெளியே நிறுத்துவேன். இப்போ கிளாஸுக்குப் போ!"

எல்லாரையும் அதட்டுவதைப் போலவே என்னையும் அதட்டினார். அந்த ஒரு அதட்டலில் எனக்கு வந்த சந்தோஷம், பிறகு வாங்கிய எந்தப் பாராட்டிலும் வந்ததில்லை.

அந்த வருடம் எஸ்டேட் திறக்கவேயில்லை. வியாழக்கிழமை வாங்கினோம், வெள்ளிக்கிழமை கொடுத்தோம். பொட்டலங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கும் வழக்கத்தையும் சிஸ்டர் நிறுத்திவிட்டார். வராந்தா பெஞ்சில் இருக்கும், தேவைப்பட்டவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம். ஏலக்காய் விலை விழுந்த மாதத்தில் எங்கள் வகுப்புத் தலைவியும் ஒன்று எடுத்துக்கொண்டு போனாள். நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் அந்த முதல் வெள்ளிக்கிழமை மாலை நான் வீடு திரும்பியபோது, அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். சிஸ்டர் என்ன சொன்னார், திட்டினாரா, யார் யார் பார்த்தார்கள் என்றெல்லாம் கேட்பாள் என்று நினைத்து, சொல்வதற்கு நிறைய வைத்திருந்தேன். அவள் என் கையிலிருந்த டப்பாவைத்தான் பார்த்தாள்.

"வாங்கிக்கிட்டாகளா?"

"வாங்கிக்கிட்டாகம்மா."

டப்பாவை வாங்கி ஆட்டிப் பார்த்தாள். காலியாக இருந்தது. எஸ்டேட்டைப் பூட்டிய அன்றைக்குக்கூட அழாதவள், அன்றைக்கு அழுதாள்.