கரும்புக்குள் மூச்சை அடக்கிய விளையாட்டு

பிற்பகல் மூன்று பத்துக்குத் தொலைபேசி அடித்தது. 2009ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். ஃபிஜியில் லம்பாசாவுக்கு வெளியே, கரும்புக் காட்டை ஒட்டிய எங்கள் வீட்டில் நானும் பதினெட்டு வயது மகளும் மட்டும் இருந்தோம். கரும்பு அரைக்கும் பருவம் என்பதால் கணவர் சர்க்கரை ஆலையில் இருந்தார். அங்கே இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் போன் கேட்காது.

பேசியவர் சாலை முனையில் கடை வைத்திருக்கும் பாய். எங்களைப் போலவே அவர் முன்னோரும் மதராசிலிருந்து கப்பலில் வந்தவர்கள். என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார்.

“அக்கா, கதவைச் சாத்திக்கோ. ஒரு ஃபௌஜி வந்திருக்கான். கம்ப்யூட்டர்ல கேம் செய்ற லட்கி வீடு எதுன்னு கேக்கறான். நான் தெரியாதுன்னுட்டேன். கடையில நின்ன கழுதை ஒண்ணு உங்க வீட்டைக் கைகாட்டிட்டான்.”

ஃபௌஜி என்றால் ராணுவத்தான். லட்கி என்றால் பெண்; என் மகளைத்தான் தேடுகிறான். ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டேன்.

அந்த நாட்களை அனுபவித்தவர்களுக்கு என் பயம் புரியும். ராணுவம் ஆட்சியைப் பிடித்து மூன்றாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. தணிக்கையால் செய்தித்தாள்களில் சில இடங்கள் வெற்றுக் கட்டமாக வந்தன. இணையத்தில் எழுதியவர்களை முகாமுக்குக் கூட்டிப்போனார்கள் என்று சந்தையில் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. எல்லாரும் ஆக்லாந்து, பிரிஸ்பேன் என்று போய்விட்டார்கள். நாங்களும் நியூசிலாந்துக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். அந்த நேரத்தில்தான் என் மகள், கலகத்தைப் பற்றிய ஒரு வீடியோ கேமைத் தானே தயாரித்து, உலகமே பார்க்கும்படி இணையத்தில் போட்டிருந்தாள்.

அவளுக்குப் பின்னால் எந்தக் கம்பெனியும் இல்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் படம் வரைந்து, எங்கள் தோட்டத்துக் காற்றின் ஓசையைப் பதிவு செய்து, ஓராண்டாக உட்கார்ந்து செய்தாள். “படிக்கிற நேரத்தில் இது என்ன பொம்மை விளையாட்டு” என்று நான் திட்டுவேன். நான் பள்ளி ஆசிரியை. கதை என்றால் புத்தகத்தில் இருக்க வேண்டும் என்று நினைப்பவள். ஒரு முறைகூட அதை ஆடிப் பார்க்கவில்லை.

“எல்லாத்தையும் அழி. இப்பவே,” என்று கத்தினேன். வீட்டில் நாங்கள் பேசுவது ஃபிஜி ஹிந்தி; அதைத் தமிழாக்கி எழுதுகிறேன்.

“அழிச்சு என்ன பண்றது? எத்தனையோ பேர் எடுத்து வச்சிருப்பாங்கம்மா.” அவள் முகமும் வெளுத்திருந்தது. “அவங்க உன்னையும் கேள்வி கேப்பாங்க. உள்ளே என்ன இருக்குன்னு உனக்கே தெரியாது. உக்காரு, ஆடிப் பாரு.”

அதில் நியாயம் இருந்தது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.

அதில் சுடுவதும் இல்லை, ஜெயிப்பதும் இல்லை. திரை முழுக்கக் கரும்பு. உள்ளே ஒரு சிறுமி. தூரத்தில் எங்கள் நீலத் தண்ணீர்த் தொட்டி, இரட்டை அடிமரம் கொண்ட எங்கள் மாமரம். ஒரே ஒரு விசை. அதை அழுத்திக்கொண்டே இருந்தால் அவள் மூச்சை அடக்குவாள். விட்டால் மூச்சிரைக்கிற சத்தம் காடெல்லாம் கேட்கும்.

அது 2000ஆம் ஆண்டு என்று உடனே புரிந்துவிட்டது. இந்தியர் வீடுகளைக் கும்பல்கள் சூறையாடிய முந்தைய கலகம். அன்று பகலில் ஒரு கும்பல் எங்கள் வீட்டில் புகுந்தபோது கரும்புக்குள் ஓடினோம். ஒன்பது வயது மகளின் கை என் கையிலிருந்து நழுவிவிட்டது. அவர்கள் ரேடியோவையும் என் தையல் மெஷினையும் எடுத்துக்கொண்டு போன பிறகு, வேறொரு வரிசையில் அவளைக் கண்டுபிடித்தோம். ஒரு கீறல்கூட இல்லை. யாரும் அவளைப் பார்க்கவில்லை என்றே அத்தனை வருடமும் நம்பியிருந்தேன். அவளும் ஒன்றும் சொன்னதில்லை.

திரையில் காலடிச் சத்தம் நெருங்கியது. விசையை அழுத்தினேன். அதே நேரம் வெளியே, நிஜமாகவே, ஒரு வண்டி வந்து நின்றது. மகள் ஜன்னலுக்கு ஓடினாள். நான் எழுந்திருக்கவில்லை. விரலை எடுத்தால் குழந்தை மாட்டிக்கொள்வாள் என்று ஏனோ தோன்றியது. என் மூச்சும் நின்றிருந்தது.

திரையில் கரும்புத் தோகை விலகியது. கையில் வெட்டுக்கத்தியோடு ஒரு இளைஞன். முதுகுக்குப் பின்னால் சூரியன் இருந்ததால் முகம் வெறும் கருப்பு. அவன் குனிந்து நேராகச் சிறுமியைப் பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான். பிறகு திரும்பி, தன் ஆட்களிடம் “செங்கா” என்றான். ஃபிஜி மொழியில் ‘இல்லை’ என்று பொருள். தோகையைப் பழையபடி மூடிவிட்டு நடந்தான்.

“இது... நடந்ததா?”

“நடந்தது,” என்றாள் ஜன்னலிலிருந்து, என் பக்கம் திரும்பாமல். “வாயால சொல்ல வரலம்மா. அதான் செஞ்சேன்.”

அதற்கு மேல் பேச நேரமில்லை. நானும் ஜன்னலுக்குப் போனேன். சீருடை போட்ட ஒருவன் கேட்டுக்கு வெளியே நின்றான். கையிடுக்கில் செய்தித்தாள் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. துப்பாக்கி என்றே எண்ணினேன். கேட் திறந்துதான் இருந்தது. ஆனாலும் அவன் உள்ளே வரவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தான். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தான். மாமரத்தைப் பார்த்தான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கூட வருகிறவர்களுக்காக வழியை அடைத்து உட்கார்ந்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். மகளைப் பின்கதவுக்கு இழுத்தேன். “கரும்புக்குள் ஓடு” என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என்னவென்று உறைத்தது. அவள் என் கையை உதறினாள். “மறுபடியும் ஓட மாட்டேன்,” என்று சொல்லி முன்கதவைத் திறந்துகொண்டு போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

கிட்டே போனதும்தான் தெரிந்தது. செய்தித்தாள் நுனியில் வேர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க் கட்டு. அந்த மண்ணில் ஒருவர் வீட்டுக்குக் காரியமாக வருபவர் அதைத் தரையில் வைத்து உட்காருவார். வீட்டார் தொட்டு ஏற்கும்வரை உள்ளே கால் வைக்க மாட்டார். மன்னிப்புக் கேட்க வருவதும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். சீருடையைக் கண்ட கண்ணுக்கு வேர் தெரியவில்லை.

அவன் தலை குனிந்தபடி எங்கள் ஊர் ஹிந்தியிலேயே பேசினான். பக்கத்து ஃபிஜியர் கிராமத்துக்காரன். ஐ.நா. அமைதிப் படையில் வெளிநாடு போயிருந்தபோது, முகாமில் கூட்டாளி ஒருவன் “உங்க நாட்டு கேம்” என்று காட்டினானாம். தொட்டியையும் மரத்தையும் கண்டதும் ஆடிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டதாம். விடுப்பில் வந்ததும் நேரே இங்கே வந்திருக்கிறான்.

“அந்த முகமில்லாத ஆள் நான்தான்,” என்றான்.

என் மகள் அவன் எதிரில் உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். வேரைத் தொட்டு ஏற்பது வீட்டு ஆண்கள் செய்ய வேண்டிய காரியம். ஆண்கள் யாரும் இல்லாததால் நானே குனிந்து வேர்க் கட்டைத் தொட்டேன். என் பிள்ளையை விட்டுவிட்டுப் போனதற்கு அழுதுகொண்டே நன்றி சொன்னேன். அவன் அவசரமாகத் தலையை ஆட்டி மறுத்தான்.

இப்போது ஆக்லாந்தில் இருக்கிறோம். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் இன்றும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். அந்தச் சமயங்களில் அவன் என்னை மௌசி, அதாவது சித்தி, என்று அழைத்து அன்று சொன்னதைத்தான் நினைத்துக்கொள்வேன். உண்மைக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று, என் மகளிடமிருந்தும் அவனிடமிருந்தும் ஒரே நாளில் தெரிந்துகொண்டேன்.

“மௌசி, உங்க பொண்ணு என்னை நல்லவனா மட்டும் காட்டிட்டா. உங்க தையல் மெஷினைத் தோள்ல தூக்கிட்டுப் போனதும் நான்தான். அதையும் அதுல போடச் சொல்லுங்க.”