வாசலோரத்துக் குரோட்டன்

ஒரு பெண்ணுக்கு நான் பொய்யான புதைகுழியைக் காட்டினேன். அவளுடைய தங்கை அங்கே இல்லை என்று தெரிந்துகொண்டே, இங்கேதான் இருக்கிறாள் என்று சொன்னேன். ஒன்பது வருடம் அவள் அந்த இடத்தில் சூடம் கொளுத்தி அழுதாள். ஒன்பது வருடமும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்!

இது என் மனைவிக்கும் தெரியாது. உங்களிடம் சொல்வதால் பாரம் குறையும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை… இருந்தும் சொல்கிறேன்.

இரத்தினபுரியில், பழைய ஒல்லாந்தர் கோட்டைக்குக் கீழே ஆற்றுப்பக்கமாக, காடுபிடித்த நிலம் ஒன்று கிடந்தது. அதைப் பூங்காவாக்கக் கனவான்கள் சிலர் ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் ஒரு தேயிலைத் தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை. யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர் வேலைக்கு வந்திருந்த என்னைச் செயலாளராகப் போட்டார்கள். எனக்குச் செடிகொடிகளில் பித்து. எங்கள் ஊரில் ஒரு ரோசாவைப் பிழைக்கவைக்கக் கிணற்றையே இறைக்க வேண்டும். இங்கேயோ குச்சியை ஊன்றினால் தளிர்க்கிறது! குழுவில் எல்லோரும் பேசினார்கள், வேலை செய்தவன் நான். அந்த மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது.

துரையின் தோட்டத்து ஆட்கள் பத்துப் பேர் வந்து காடு வெட்டினார்கள். மூன்றாம் நாள், புதர்ப் பற்றைக்குள் ஒரு குரோட்டன் செடி தெரிந்தது. சிவப்பும் மஞ்சளுமாக, ஆளுயரத்தில், அத்தனை அழகு! அதன் அடியில் மூன்று ஆற்றுக்கற்கள். சுற்றிலும் மழையில் கரைந்த மண்மேடுகள். எல்லாம் தெற்கே தலைவைத்துக் கிடந்தன.

ஆட்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்கள். அவர்களில் மூத்தவரான கறுப்பையா என்னிடம் வந்தார்.

"ஐயா, இது நம்ம ஆளுங்கள பொதச்ச எடமுங்க. காய்ச்சல் பரவுன காலத்துல ஆஸ்பத்திரியில செத்தவங்கள இங்கதான் கொண்டாந்தாங்க. கை வைக்க வேணாமுங்க."

"விசர்க்கதை கதையாதை. ஒண்டுமில்லை, வெட்டு!" என்றேன். துரையின் பெயரைச் சொல்லி மிரட்டினேன்.

எனக்குத் தெரியாதா? நானும் சைவன்தானே! தெற்கே தலைவைத்த அந்த மேடுகள் என்னவென்று கண்டதுமே புரிந்தது. ஆனால் துரை அறிந்தால் வேலையை அன்றே நிறுத்திவிடுவார். புதைகுழிகளைத் தொடக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பான மனிதர். என் ரோசாப் பாத்திகள், என் தாமரைத் தடாகம்… எல்லாம் போகும். மாலையில் அவர் வந்து, ஏதாவது தட்டுப்பட்டதா என்று கேட்டார். வெறும் கற்கள்தான் என்றேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அங்கே கிடந்தவர்கள் என் ஊரவர்களாக இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா? தோட்டத்து ஆட்கள்தானே, யார் தேடி வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஆம், அப்படித்தான் நினைத்தேன்.

மேடுகளை மட்டப்படுத்தி, அதன்மேல் பாண்டு வாத்தியக்காரருக்கு மேடை எழுப்பினோம். குரோட்டனை மட்டும் வெட்ட மனம் வரவில்லை. ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நானே அதைத் தோண்டி எடுத்தேன். வேரில் ஒட்டியிருந்த மண்ணைத் தொடக்கூட அருவருத்து, வாளித் தண்ணீரில் அலசினேன். பிறகு வாசலோரத்தில், ஆற்றிலிருந்து வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் நட்டேன். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று அந்த மூன்று கற்களையும் அடியில் வைத்தேன். இரண்டே வாரத்தில் புது இலை விட்டது. எவ்வளவு மகிழ்ந்தேன் தெரியுமா!

பூங்கா திறந்தபின் வந்த முதல் பொங்கலுக்கு மறுநாள், ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். பெயர் இருளாயி, பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுப்பவள். பாத்திகளையும் பாதைகளையும் பார்த்துத் திகைத்தாள். பிறகு குரோட்டனைக் கண்டாள். ஓடிப்போய் அந்தக் கற்களின்மேல் விழுந்தாள்.

"எல்லாத்தையும் தோண்டிட்டாங்கன்னு சந்தையில சொன்னாங்க, ஐயா. எந்தங்கச்சி செல்லத்த மட்டும் விட்டுட்டீங்களே! இது நா வச்ச குரோட்டனுங்க. நா சொமந்தாந்த கல்லுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். "கொஞ்சம் தள்ளி இருந்தாப்ல தோணுது… காடா கெடந்தப்ப பாத்தது. இதே எடந்தானுங்களே?"

உண்மையைச் சொல்ல அந்த ஒரு கணம் எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது…

"ஓம்," என்றேன். "அதே இடந்தான்."

அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க நல்லா இருக்கணும், ஐயா."

அதன்பின் ஒவ்வொரு பொங்கலுக்கு மறுநாளும் வந்தாள். எனக்கென்று கொஞ்சம் தேயிலை முடிந்துகொண்டு வருவாள். சூடம் அணைந்ததும் தங்கையைப் பற்றிப் பேசுவாள். "கூட்டிக்கிட்டுப் போறேன், பத்திரமா கூட்டியாந்துருவேன்னு ஆத்தாகிட்ட சொல்லிட்டு வந்தேனுங்க. ஆத்தா இன்னும் ஊர்ல வாசலப் பாத்துக்கிட்டுத்தான் கெடக்கு." அப்போதெல்லாம் மேடைப் பக்கம் திரும்பாமல் நிற்பேன். சனிக்கிழமைகளில் பாண்டு வாசிப்பார்கள்; பூட்ஸ் கால்கள் பலகையில் தாளம் போடும். அந்தச் சத்தம் கீழே யாருக்கோ கேட்கிறது என்று தோன்றும். தோன்றியபின் வேறெதுவும் காதில் விழாது. சனிக்கிழமை பூங்காவுக்குப் போவதையே விட்டுவிட்டேன். அடுத்த பொங்கலுக்குச் சொல்லிவிடுவேன் என்று ஒவ்வொரு வருடமும் எனக்கே வாக்குக் கொடுத்தேன். என் வாக்கின் லட்சணம் அது!

பிறகு தேயிலை விலை விழுந்தது. தோட்டங்கள் ஆட்களை இந்தியாவுக்கு, அவர்கள் ஊருக்கே திருப்பி அனுப்பத் தொடங்கின. ஒரு நாள், பொங்கலுக்கு வெகு முன்பே, இருளாயி வந்தாள்.

"ஊருக்குப் போறோமுங்க. அவளையும் கூட்டிக்கிட்டுத்தான் போறேன்." மஞ்சள் துணியொன்றை விரித்தாள். "ஆத்தாகிட்ட குடுக்கணும். உங்க கையால ஒரு பிடி மண்ணு அள்ளிக் குடுங்க, ஐயா. இத்தன வருசமா அவளக் காத்தது நீங்கதானே."

மேடை நாற்பது அடி தூரத்தில்தான் இருந்தது. நாற்பதே அடி! கையைப் பிடித்து அழைத்துப்போயிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். நான் குனிந்து, குரோட்டனின் அடியில், ஆற்று வண்டலை ஒரு பிடி அள்ளித் துணியில் போட்டேன்.

அதில் ஒரு சிட்டிகை எடுத்து, திருநீறுபோல என் நெற்றியில் இட்டாள். மீதியை முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

இன்றைக்கும் குளித்துவிட்டுத் திருநீற்றுத் தட்டில் கைவைத்தால், விரல்கள் நெற்றிக்குப் போகாமல் நின்றுவிடுகின்றன. அந்தத் தாய் முடிச்சை அவிழ்த்திருப்பாள். மகள் வந்துவிட்டாள் என்று நம்பியிருப்பாள். நம்பாமல் என்ன செய்வாள்…

இருளாயி போகும்போது ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டுத்தான் போனாள். துறையூருக்குப் பக்கம். எழுதினால் கடிதம் போய்ச் சேரும்.