பதம் பார்க்கிற பல்

எங்கள் ஐந்தாவது மாடியில் தீபாவளி முறுக்கைத் தனித்தனியாகச் சுட மாட்டோம். நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து எதிர்வீட்டுக்காரி வீட்டில் சுடுவோம். அவள் அடுப்படிதான் பெரிது. ஒருத்தி மாவு பிசைவாள், ஒருத்தி உரலில் பிழிவாள், எதிர்வீட்டுக்காரி எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொள்வாள். என் வேலை கடிப்பது. முதல் முறுக்கு சாமிக்கு, இரண்டாவது என் வாய்க்கு. கடித்துவிட்டு நான் "ம்" என்றால்தான் மீதி மாவைப் பிழிவார்கள். தலையை ஆட்டினால் மாவைத் திருத்துவார்கள்.

எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. சிரித்தால்கூட வாயைக் கையால் மூடிக்கொள்வேன். தமிழ்ப் பள்ளியில் ஆறாவதோடு சரி, அங்கேயும் கடைசி வரிசைதான். அதனால் அந்த ஒரு "ம்" எனக்குப் பெரிய காரியம். வருஷத்தில் ஒரு நாள் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கூச்சமாகவும் இருக்கும், பிடிக்கவும் செய்யும்.

என் இடது பக்கத்துக் கடைவாய்ப் பல்லெல்லாம் பிள்ளைகள் சின்னதாக இருந்தபோதே போய்விட்டன. வலித்தால் பிடுங்குவது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. பல் டாக்டர் என்றால் கையில் குறடு வைத்திருப்பவர். மிச்சம் இருந்தது வலது பக்கம். முறுக்கைக் கடிப்பதும் அந்தப் பக்கத்தால்தான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அந்தப் பக்கத்துக் கீழ்ப்பல் ஒன்று ஐஸ் தண்ணீர் பட்டால் சுருக்கென்றது. ஐஸை விட்டேன். அப்புறம் சூடான கோப்பிக்கும் வலித்தது. ஆற வைத்துக் குடித்தேன். கிராம்பை அடக்கிக்கொண்டேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். பட்டர்வொர்த்தில் இருக்கிற மகன் போனில் கேட்டால், "எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்பேன். கொஞ்ச நாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு காலையில் எழுந்தால் வலியே இல்லை. ஐஸ் தண்ணீர் குடித்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கே கோயிலுக்குப் போய் மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன்.

முறுக்கு சுடுகிற நாள் வந்தது. இரண்டாவது முறுக்கைக் கடித்தேன். பல் வேரோடு எழும்பி நின்ற மாதிரி ஒரு வலி. முறுக்குத்தான் கல்லாக இருக்கிறது என்று நினைத்துத் தலையை ஆட்டினேன். மாவு பிசைகிறவள் வெண்ணெய் சேர்த்தாள். மறுபடி கடித்தேன், மறுபடி அதே வலி. இன்னும் வெண்ணெய். அதற்கப்புறம் பிழிந்ததை வாயில் வைத்ததுமே கரைந்தது. "ம்" என்றேன்.

அடுத்த ஈடு சட்டியில் விழுந்தது. அத்தனையும் உதிர்ந்து எண்ணெய் முழுக்கத் தூள்.

"அக்கா, இது முறுக்கு இல்லலா, புட்டு!" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"என்னைப் பார்க்காதீங்க. அக்கா தலையாட்டுச்சு, நான் போட்டேன்" என்றாள் பிசைகிறவள்.

எதிர்வீட்டுக்காரி அடுப்பை அணைத்தாள். கரண்டியோடு வந்து என் முன்னால் நின்றாள். "மாவுல ஒரு கோளாறும் இல்ல. அக்கா, வாயைத் திறங்க."

நான் கையால் மூடிக்கொண்டேன்.

"எங்கிட்டயே திறக்கலன்னா டாக்டர்கிட்ட எப்படித் திறப்பீங்க?"

"டாக்டர் பிடுங்கிடுவாங்க" என்றேன், கையை எடுக்காமலே. "அப்புறம் நான் எதால கடிக்கிறது?"

வலிக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. இந்தப் பல்லும் போய்விட்டால் அந்த அடுப்படியில் எனக்கு என்ன வேலை?

மறுநாள் எதிர்வீட்டுக்காரி என்னைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் சின்ன வயசு மலாய்க்காரப் பெண். எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன், தேங்காய் உடைத்ததையும் சேர்த்து. அவர் சிரித்ததில் முகமூடி அசைந்தது. மலாயில் அத்தை என்று கூப்பிட்டுத்தான் பேசினார். "மக்சிக், வலி நின்னது பல் குணமானதால இல்ல. உள்ள நரம்பு செத்துப்போச்சு. ஐஸ் தண்ணிக்குச் சுருக்குன்னப்பவே வந்திருந்தா சின்னதா ஒரு அடைப்போட முடிஞ்சிருக்கும்" என்றார்.

"பிடுங்கணுமா?" அது ஒன்றுதான் கேட்டேன்.

படம் எடுத்துப் பார்த்தார். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"வேண்டாம். வேரைச் சுத்தம் பண்ணி மூடிடலாம். ஆனா சில தடவை வரணும். முடியற வரைக்கும் கெட்டியா எதையும் கடிக்கக் கூடாது."

"முறுக்கு?"

"முறுக்கு கூடவே கூடாது!"

பல் பிழைத்தது என்று எனக்குச் சந்தோஷம். ஆனால் தீபாவளி அடுத்த வாரம். புது மாவு பிசைந்து முதல் ஈட்டை எடுத்தபோது, வேறு யாராவது கடிக்கட்டும் என்று மூலையில் போய் உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக்காரி முறுக்கோடு என் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"பல்லுதானே ரிப்பேர்? காது இருக்கில்ல?"

என் காதோரத்தில் ஒரு கடி கடித்தாள். சத்தம் அமுங்கி வந்தது. தலையை ஆட்டினேன். இன்னும் கொஞ்சம் வேகவிட்டார்கள். இந்தத் தடவை பிசைகிறவள் வந்து மற்றக் காதில் கடித்தாள். தோள் முழுக்கத் தூள் கொட்டியது. கறுக்கென்று கேட்டது.

"ம்" என்றேன். அன்றைக்குச் சிரித்தபோது வாயை மூட மறந்துவிட்டேன்.

போன தீபாவளிக்கு என் பல்லாலேயே கடித்தேன். இப்போது அதற்கு ஒரு தொப்பி போட்டிருக்கிறார்கள், நன்றாக உழைக்கிறது.

போன மாதம் பசாருக்குப் போன இடத்தில் நானும் எதிர்வீட்டுக்காரியும் ஐஸ் போட்ட செண்டோல் வாங்கினோம். முதல் கரண்டியிலேயே மேல்பல் ஒன்று சுருக்கென்றது. கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"எந்தப் பக்கம்?" என்றாள் எதிர்வீட்டுக்காரி, என் செண்டோலையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு.

அன்றைக்கே டாக்டரிடம் போனோம். சின்ன ஓட்டைதான். ஒரே தடவையில் அடைத்துவிட்டார்கள். திரும்பி வருகிற வழியில் கோயிலில் இறங்கித் தேங்காய் உடைத்தோம்.