மூக்கண்ணனின் பூப்பாத்தி

முழங்காலுக்கு அடியில் பழைய சாக்கு, கண்ணாடி நெற்றிக்கு மேலே. மூக்கண்ணன் பூக்கொத்துக்குள் முகத்தைப் புதைத்து மூச்சை இழுக்கிறார். சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி கேட்கிறாள்: “வந்துச்சா?”

“இல்ல.”

மூன்று வாரமாக இப்படித்தான் பொழுது விடிகிறது.

முந்நூறு பேர் சாப்பிடும் அலுவலகக் கேன்டீனில் அவர் மாஸ்டர். பால் கெட்டுவிட்டதா, எண்ணெய் பழசா, எல்லாவற்றுக்கும் அவர் மூக்கு சொல்வதுதான் தீர்ப்பு. பட்டப்பெயர் வந்ததும் அப்படித்தான். போன மாதம் வந்த காய்ச்சல், போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மனைவிக்கு மட்டுமே தெரியும்.

கேன்டீனில் அவர் சமாளிக்கும் அழகே தனி. காய் நறுக்கும் அம்மா பால் பாத்திரத்தை நீட்டினால் ஆழமாக முகர்ந்து, புருவத்தைத் தூக்கி, “நீங்க சொல்லுங்க. எத்தனை நாளைக்கு என் மூக்கையே நம்பிட்டிருப்பீங்க?” என்பார். அந்த அம்மா முகம் சுளித்தால் பால் கொட்டப்படும்.

போன திங்கட்கிழமை அந்த வித்தை பலிக்கவில்லை. அடுப்புக் குழாயில் கேஸ் கசிந்துகொண்டிருக்க, இவர் நிதானமாகத் தீக்குச்சியை எடுத்தார். அந்த அம்மா பாய்ந்து கையைப் பிடித்தார். ஜலதோஷம் என்று சொல்லித் தப்பினார். அன்றே முடிவு கட்டினார்: பாத்தியில் பூ உதிர்வதற்குள் வாசனை திரும்பாவிட்டால், மேலாளரிடம் உண்மையைச் சொல்லிக் கரண்டியைக் கீழே வைத்துவிடுவது. அதுவரை அடுப்பைப் பற்றவைப்பது அந்த அம்மாதான்.

பூ, ஸ்வீட் வில்லியம். போன வருஷம் விதைத்தது. முதல் வருஷம் முழுக்க வெறும் இலைதான். “புல்லுக்கா இவ்வளவு உபசாரம்?” என்று மனைவி ஓட்டித் தள்ளினாள். இந்த வருஷம் உள்ளங்கை அகலத்துக்குக் கொத்துக் கொத்தாய்ப் பூ. சிவப்பில் வெள்ளை வளையம், கத்தரித்துவிட்ட மாதிரி பல்பல்லான இதழோரம். வாசனை அசல் கிராம்பு.

நேற்று பாதிக் கொத்துகள் வாடியிருந்தன. வழக்கம்போல் மண்டியிட்டார்.

“வந்துச்சா?”

அடுத்த கொத்துக்கு நகர்ந்தார். மறுபடியும் முதல் கொத்துக்கே வந்தார். பிறகு எழுந்து, முழங்கால் மண்ணோடு நேரே சமையலறைக்குள் நுழைந்து, காப்பிக்கு எடுத்துவைத்திருந்த பால் பாத்திரத்தின் மேல் குனிந்தார்.

“நல்லாத்தாங்க இருக்கு, இப்பதான் மோந்து பாத்தேன்” என்றாள் மனைவி.

“லேசாப் புளிப்பு வாடை அடிக்குது” என்று பாலைத் தொட்டியில் கவிழ்த்தார்.

அவள் சண்டைக்கு வரவில்லை. இன்னொரு பால் பாக்கெட்டைக் கத்தரித்து, அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.