உமாராணி துடைத்து வைத்த திரை

"இப்ப வலது ஓரத்துல பிரிண்டர் படம் தெரியுதா? அத அமுக்கு…"

முன்னறையிலிருந்து தன் குரலே தனக்குக் கேட்டது பொன்செல்விக்கு. காலையில் பொன்செல்வி செய்து காட்டி அனுப்பிய ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கை நாலாவது முறையாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் உமாராணி. உமாராணிக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. லாட்ஜ் லேப்டாப்பைச் சேலைத் தலைப்பில் பொதிந்துகொண்டு, சாரலில் நனைந்தபடி தென்காசிக்கு ஓடி வந்திருந்தாள்.

பொன்செல்வி டீயோடு வந்தாள்.

"நீங்க சொன்னபடிதான் செஞ்சேன்க்கா. பிரிண்டர் சரியாயிட்டு. ஆனா சனிக்கிழமைக்கு ரூம் சொன்னவுக லிஸ்டு மொத்தமும் காணல! ஆறு மணிக்குள்ள லிஸ்டு வரலைன்னா நாளையிலருந்து வராண்டாம்னுட்டாவ மொதலாளி."

"நான் எதையும் அழிக்கச் சொல்லலியே, ஏட்டி."

"அப்போ யாரு அழிச்சா? பேயா?"

சுருக்கென்று தைத்தது. பேர் ஒன்றுதான் பொன்செல்வி சேர்த்த சொத்து. இரண்டு வருடம் முன்புவரை பஸ் ஏறி, வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் சரிபார்த்தவள். பஸ் ஸ்டாண்டில் வழுக்கி விழுந்து காலில் கம்பி வைத்தபோது, 'அவ கதை முடிஞ்சுது' என்றது ஊர். ஒரு பகல் முழுக்க அழுதாள். பிறகு படுத்த படுக்கையிலேயே போனை எடுத்தாள். "உங்க திரையில நடக்குதத ரெக்கார்டு பண்ணி அனுப்புங்க. நான் செஞ்சு காட்டி அனுப்புதேன்." இன்று செங்கோட்டை முதல் ராயகிரி வரை அவள் குரல் கேட்காத கடை குறைவு.

பிரிண்டர் பழுதைக் காட்ட உமாராணி காலையில் அனுப்பியிருந்த ரெக்கார்டிங்கைப் பொன்செல்வி ஓடவிட்டு, தொடக்கத்திலேயே நிறுத்தினாள். திரையில் ஓர் அருவிப் படம். அதன்மேல் ஒரே ஒரு ஃபைல்.

"சீசன் நேரத்துல லாட்ஜ் கம்ப்யூட்டர் இப்பிடித் தொடச்சு வச்சாப்லயா இருக்கும்?"

உமாராணி நெளிந்தாள். "நீங்க பாக்கப் போறியளேன்னு… வீட்டுக்கு ஆள் வந்தா கூட்டிப் பெருக்க மாட்டமா? கண்டது கழியது எல்லாத்தையும் ஒதுக்கிட்டுத்தான் ரெக்கார்டு போட்டேன்."

"எங்கன ஒதுக்குன?"

உமாராணியின் விரல் மூலையிலிருந்த குப்பைத்தொட்டிப் படத்துக்குப் போனது. அங்கேயே நின்றது.

"அய்யோ, என் சனிக்கிழமை!"

"நீயே எடு. செய்யுதத வாய் விட்டுச் சொல்லு, ரெக்கார்டு ஓடுது. அடுத்த வாட்டி உன் குரலே உனக்குச் சொல்லித் தரட்டும்."

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே தொடங்கினாள் உமாராணி. தொட்டியைத் திறந்தாள், தேடினாள், மீட்டாள். இருபத்திரண்டு குடும்பங்களின் பெயர்களும் வரிசையாக வந்து நின்றன. "வந்துட்டுக்கா!" என்று பொன்செல்வியின் தோளில் விழுந்து விம்மினாள். பொன்செல்விக்கும் கண் நிறைந்தது.

ஐந்தே முக்காலுக்கு லிஸ்டு போனது. 'சரி. காலைல ஏழு மணிக்கு வந்துரு' என்று முதலாளியின் பதில் வந்தது.

செருப்பை மாட்டும்போது உமாராணி தயங்கினாள். "பேயான்னு கேட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீயக்கா."

"வைக்கல. ஆனா இனிமே குப்பையோடயே அனுப்பு. காயத்துக்குப் பவுடர் பூசிட்டா ஆஸ்பத்திரிக்குப் போவ?"

சிரித்துக்கொண்டே சாரலில் இறங்கினாள் உமாராணி. அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்த பொன்செல்வி, காலைத் தாங்கித் தாங்கி நகர்ந்து கதவைச் சாத்தினாள்.