ஐந்து ரசம், ஏழு ஒப்பீடு

போன ஞாயிற்றுக்கிழமை லாபு பக்கம் ஒரு தோட்டத்துக் கோயிலில் என்னை நடுவராக உட்கார வைத்தார்கள். எதற்கு? ரசத்துக்கு!

திருவிழா அன்னதானத்துக்கு யார் ரசம் வைப்பது என்று ஐந்து பெண்களுக்குள் போட்டி. முதலாவது வருபவர் கையில்தான் கரண்டி. அவருக்கு முடியாமல் போனால் இரண்டாவது ஆள், அப்புறம் மூன்றாவது... ஆகவே வரிசை முழுசாக வேண்டும் என்றார் கோயில் தலைவர்.

செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் சரோஜா, திருவிழா வாரத்துக்கு இப்போதே லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். "சூப்பர்வைசர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்குனேண்ணே. இந்த வருசமாச்சும் என் கையால செய்யணும்" என்றார்.

எனக்கோ கேஸ்ட்ரிக். இரண்டிரண்டு கிண்ணமாகக் குடித்து ஒப்பிட வேண்டும். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் மோதவிட்டால் பத்து தடவை. வயிறு தாங்குமா? நல்லவேளை, கம்ப்யூட்டர்காரர்கள் இதை எப்போதோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஐந்தை வரிசைப்படுத்த ஏழு ஒப்பீடு போதும். அதற்கும் குறைத்தால் மாட்டிக்கொள்வோம்.

சூட்சுமம் பெரிதில்லை. சரோஜாவின் ரசம் வசந்தாவுடையதை வென்றது. வசந்தாவுடையது மல்லிகாவுடையதை வென்றது. அப்புறம் சரோஜாவையும் மல்லிகாவையும் எதற்கு மோதவிடுவது? பதில்தான் கையில் இருக்கிறதே!

ஏழு முடிந்தது. சரோஜா முதல் என்று அறிவித்தேன். பாவம், அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மல்லிகா எழுந்தார்.

"அது எப்படிண்ணே? என் ரசத்த சரோஜாக்கா ரசத்தோட வச்சு நீங்க குடிக்கவே இல்லையே!"

"நீதான் வசந்தாகிட்டயே தோத்துட்டியேம்மா..."

"அது வசந்தாகிட்ட! இவங்ககிட்ட நான் எப்பண்ணே தோத்தேன்?"

கூட்டம் தலையாட்டியது. நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி — நேருக்கு நேர் நின்று தோற்காதவரை அது தோல்வியே இல்லை! தலைவரும் சேர்ந்துகொண்டார். "குடிச்சிருங்க லா சார். இல்லன்னா நாளைக்குப் பிரச்சன வரும்."

குடித்துத் தொலைத்தேன். மிளகு ஏறி ஏறி நாக்கு மரத்துக் கிடந்தது. சரோஜாவின் ரசம் ஆறிப்போயிருந்தது. மல்லிகா கெட்டிக்காரி... சுடச்சுடக் கொண்டுவந்து நீட்டினார். பொய் சொல்ல மனசு வரவில்லை. அந்த நேரத்துக்கு மல்லிகாவுடையதுதான் நன்றாக இருந்தது.

போச்சு! சரோஜா வசந்தாவைவிட மேல். வசந்தா மல்லிகாவைவிட மேல். மல்லிகா சரோஜாவைவிட மேல். இப்போது யார் முதல்? தேவையே இல்லாத ஒரே ஒரு ஒப்பீட்டால் ஏழும் பாழ். எனக்கு வந்த கோபத்துக்குக் கிண்ணத்தைத் தூக்கி எறிந்திருப்பேன்.

ஆளுக்கு ஆள் கத்த ஆரம்பித்தார்கள். தலைவர் கையைத் தூக்கினார்.

"சண்ட வேணாம் லா. பொதுவா ஒரு ஆளப் போட்டுருவோம்."

பொதுவான ஆள் யார் தெரியுமா? அவர் மனைவி! சரோஜா பாத்திரத்தைத் துணியில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தலைவர் மனைவி போட்டிக்கே வரவில்லை. அவரை முதலாவதாக்க ஓர் ஒப்பீடுகூடத் தேவைப்படவில்லை!