போட்டோவுக்கு மட்டும் பெல்ட்

மலேசியாவில், சுபாங் ஜெயாவில் அடுக்குமாடி கட்டும் இடத்தில் சாரம் கட்டுகிறேன். காலையில் எல்லாரும் சேஃப்டி பெல்ட் மாட்டி வரிசையாக நிற்போம். சூப்பர்வைசர் போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்புவார். உடனே பெல்ட்டைக் கழற்றி வாங்கி ஸ்டோரில் பூட்டிவிடுவார். மறுநாள் போட்டோவுக்கு அழுக்காகக் கூடாதாம். இதற்குப் பெயர் பாதுகாப்புப் பயிற்சி.

போன மாதம் மூன்றாவது மாடியில் காலடிப் பலகை நழுவி, குழாயைப் பிடித்துத் தொங்கினேன். கூட வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரர்தான் இழுத்துப் போட்டார். ஓடிவந்த சூப்பர்வைசர் கேட்டது இதைத்தான்: “எங்க லா பெல்ட்டு? காலையில போட்டோல இருந்துச்சே.”

“சாவி உங்க பாக்கெட்லதானே இருக்கு, பாஸ்” என்றேன்.

இப்போதெல்லாம் போட்டோ முடிந்ததும் பெல்ட்டோடு மேலே ஏறிவிடுகிறேன். கொக்கியை மாட்டிய பிறகே வேலை. கீழிருந்து கேட்டால், “மேல வந்து வாங்கிக்குங்க, பாஸ்” என்கிறேன். இதுவரை அவர் ஏறி வரவில்லை.